எந்த மக்காச்சோள விதை நம்ம காட்டுக்கு ஒத்துவரும்? போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் விதம்

ஒன்பது வருடம் ஒரு விதைக் கம்பெனியில் பீல்டு ஆபீசராக இருந்தேன். பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம் என்று பைக்கில் சுற்றுவேன். யாராவது ஒருவர் காட்டில் எங்கள் மக்காச்சோள வீரிய ஒட்டு ரகத்தையும் பக்கத்திலேயே போட்டிக் கம்பெனி ரகத்தையும் போடுவோம். அறுவடைக்கு முன்னால் பந்தல் கட்டி, ஊரைக் கூட்டி, பிரியாணி போட்டு, "பாருங்க, எந்தக் கருது பெருசு?" என்று கேட்போம். எங்களுடையதுதான் பெரிசாக இருக்கும். எங்கள் விதை நிலத்தின் தாழ்ந்த பக்கம், வண்டல் இறங்கும் இடத்தில் இருக்கும். போட்டி ரகம் மேட்டில், வேப்பமர நிழலில் இருக்கும். எடை காட்டும்போது பச்சைக் கருதை அப்படியே தராசில் வைப்போம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இப்போது அப்பாவின் 5 ஏக்கர் கரிசல் காட்டில் நானே மானாவாரி மக்காச்சோளம் போடுகிறேன். கடைக்காரர் ஒன்று சொல்கிறார், கம்பெனிக்காரர் ஒன்று சொல்கிறார். வீரிய ஒட்டு என்பதால் விளைந்ததில் எடுத்து வைத்து அடுத்த வருடம் விதைக்க முடியாது, குணம் பிரிந்துவிடும். வருடா வருடம் காசு கொடுத்து வாங்குகிற பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவானேன் என்று, பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு நாங்களே ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தோம். எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதைத்தான் எழுதுகிறேன். மக்காச்சோளத்தை வைத்துச் சொன்னாலும் பருத்திக்கும் சூரியகாந்திக்கும் அடிப்படை இதேதான்.

முதலில் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடையில் பத்து ரகம் இருக்கும். பத்தையும் போட்டால் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டீர்கள். நாங்கள் புதிதாக எடுத்தது மூன்று: இரண்டு தனியார் ரகம், ஒன்று வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.எச்.எம். 6. இவற்றோடு ஒவ்வொருவரும் வழக்கமாகப் போடும் பழைய ரகமும் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் புது ரகம் ஏக்கருக்கு 26 குவிண்டால் வந்தது என்றால் அது நல்ல விளைச்சலா, நல்ல மழையா என்று சொல்ல வழியில்லை.

எல்லாரும் எல்லாவற்றையும் போட வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவில் மலாவியில் 1990களில் தொடங்கிய ஒரு முறை இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய சோதனைத் திடலில் எல்லா ரகமும் இருக்கும். சுற்றி இருக்கிற விவசாயிகள் தங்கள் நிலத்தில் ஒன்றிரண்டை மட்டும் போடுவார்கள். தாய்த் திடல், சேய்த் திடல் என்பார்கள். எங்களுக்கு அது அப்படியே பொருந்தியது. என் காட்டில் எல்லா ரகமும் இருந்தன. மற்ற ஏழு பேர் காட்டில் ஏ, பி என்று நாங்கள் பெயர் வைத்த இரண்டும், அவரவர் பழைய ரகமும். சேய்த் திடலுக்கு 9 சென்ட் போதும். "9 சென்ட்தானே, போனா போகட்டும்" என்று சொல்லும் அளவில் இருந்தால்தான் ஆட்கள் சம்மதிப்பார்கள்.

காட்டைப் பார்ப்பது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ரகத்துக்கு ரகம் இருக்கிற வித்தியாசத்தைவிட ஒரே காட்டுக்குள் இடத்துக்கு இடம் இருக்கிற வித்தியாசம் பெரிது. கம்பெனியில் ஒன்பது வருடம் நான் பிழைத்ததே அதை வைத்துத்தான்.

விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே அந்தக் காட்டுக்காரரோடு நடங்கள். அவருக்குத் தெரியும், கேட்டால்தான் சொல்வார். போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ ஆட்டுக்கிடை எங்கே போட்டார்கள்? கிடை போட்ட இடத்தில் அடுத்த வெள்ளாமையிலும் பயிர் கருகருவென்று நிற்கும். பழைய எருக்குழி எங்கே இருந்தது? எந்த மூலையில் தண்ணீர் நிற்கும்? சுண்ணாம்புக்கல் மேலே வந்திருக்கும் திட்டு எது? சாயங்கால நிழல் எதுவரை விழும்? போன வருடத் தட்டையைப் பார்த்தாலும் தெரியும். பருமன் மாறுகிற இடத்தில் மண்ணும் மாறுகிறது.

இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரே மாதிரி இருக்கிற ஒரு துண்டை எடுங்கள். 25 மீட்டர் நீளம், ஒரு ரகத்துக்கு 8 வரிசை. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் என்றால் ஒரு பட்டை 4.8 மீட்டர் அகலம். சரிவு இருந்தால் எல்லாப் பட்டையும் மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிகிற மாதிரி போடுங்கள். அப்போதுதான் மேடும் பள்ளமும் எல்லா ரகத்துக்கும் சமமாகக் கிடைக்கும். சரிவுக்குக் குறுக்கே விதைப்பதுதான் ஈரத்துக்கு நல்லது, தெரியும். இந்தச் சின்னத் துண்டுக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள்.

எந்தப் பட்டையில் எந்த ரகம் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். திருவுளச்சீட்டுதான். இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் என்கிற புள்ளியியல் அறிஞர் நூறு வருடத்துக்கு முன் வலியுறுத்தியதும் இதைத்தான்: மனுஷன் கை இடம் ஒதுக்கினால் மனசும் கூடவே ஒதுக்கும். எங்கள் வீட்டில் என் மகள் சீட்டு எடுத்தாள். எட்டுக் காட்டுக்கும் எட்டு முறை தனித்தனியாகக் குலுக்க வேண்டும். ஒரு முறை எடுத்த வரிசையையே எல்லாருக்கும் வைத்தால் ஒரு ரகம் எட்டு இடத்திலும் ஓரத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் ஒரு வேலை. என் காட்டில் என்னுடைய பழைய ரகத்தை ஒரு பட்டைக்குப் பதிலாக இரண்டு பட்டையாகப் போட்டேன், வேறு வேறு பெயரில். பக்கத்துக் காட்டு மாமா சிரித்தார்.

"மாப்ள, ஒரே விதைய ரெண்டு தடவ எதுக்குப் போடற? வேலையில்லையா உனக்கு?"

"ரெண்டும் எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு பாக்கத்தான் மாமா."

"ஒரே விதைல என்னடா வித்தியாசம் வரும்?"

வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விதையும் ஊன்றுவதும்

ஒவ்வொரு ரகத்திலும் ஒரு 4 கிலோ பை வாங்கினோம். ஏ, பி இரண்டையும் எட்டுப் பேருக்கும் அரை அரை கிலோ பிரித்தோம். ஒரே பை என்றால் ஒரே குவியல் எண், அதாவது ஒரே தொகுப்பில் வந்த விதை. ஆளுக்கு ஒரு கடையில் வாங்கினால் பழைய சரக்கும் புதுச் சரக்கும் கலந்துவிடும். பையிலிருந்த அட்டையைக் கழற்றி நோட்டில் ஒட்டிவிட்டேன். ஈரச் சாக்கில் நூறு விதையைச் சுருட்டி வைத்து முளைப்பும் பார்த்துவிடுங்கள். முளைப்பு குறைந்தால் நீங்கள் பார்ப்பது ரகத்தை அல்ல, கிடங்கில் கிடந்த விதையை.

அதைவிடப் பெரிய கண்ணி விதை நேர்த்தி. 2018ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு அதே வருடம் நம் பக்கமும் வந்த படைப்புழுவுக்குப் பிறகு, சில கம்பெனிகள் சயன்ட்ரனிலிப்ரோல் என்கிற பூச்சிக்கொல்லி சேர்ந்த மருந்தில் நேர்த்தி செய்தே விதையை விற்கின்றன. சில பைகளில் பூசண மருந்து மட்டும்தான். இரண்டையும் அப்படியே பக்கத்துப் பக்கத்தில் ஊன்றினால் முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றின் குருத்து சுத்தமாக இருக்கும், இன்னொன்று சல்லடையாகத் தொங்கும். "இந்த ரகத்துக்குப் புழு வராது" என்று ஊரே பேசும். ரகம் அல்ல, மருந்து. எங்களுக்கு முதல் வருடம் இதுதான் நடந்தது. அந்த வருடக் கணக்கை அப்படியே தூக்கிப் போட்டோம். இப்போது பை வாங்கும்போதே பின்பக்கம் படித்து, நேர்த்தி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லாவிட்டால் குறைகிற விதைக்கும் அதே மருந்தில் நேர்த்தி செய்துகொள்கிறோம்.

விதையைக் காக்கி உறையில் போட்டு ஏ, பி, சி என்று எழுதினேன். எது எது என்கிற சீட்டு என் மனைவியிடம். விதையில் பூசிய சாயம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம் என்பதால் விவரம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்தான். ஆனால் மூன்று மாதம் கழித்துக் கருதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்போது யாருக்கும் நினைவிருக்காது.

ஊன்றுவது பெண்கள் கையில். ஒரு அக்கா குழிக்கு இரண்டு விதை எண்ணிப் போடுவார், இன்னொருவர் கைக்கு வந்ததைப் போடுவார்; ஆழமும் ஆளுக்கு ஆள் மாறும். பட்டைக்கு ஒருவரை விட்டால் முடிந்தது கதை. நாலு பேர் வந்தால் நாலு பேரும் ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு இரண்டு வரிசை ஊன்ற வேண்டும். எல்லாப் பட்டையும் ஒரே நாளில் முடிய வேண்டும். குழிக்குக் குழி 25 சென்டிமீட்டருக்கு முடிச்சுப் போட்ட கயிறு பிடித்துக்கொள்ளுங்கள். 12ஆம் நாள் குழிக்கு ஒரு செடி விட்டுக் கலைத்துவிடுங்கள்.

உரம், களை, மருந்து எல்லாம் அந்தக் காட்டுக்காரர் எப்போதும் செய்கிற மாதிரியே இருக்கட்டும். சிபாரிசு அளவு போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர் போடுகிற உரத்தில் எது விளைகிறது என்பதுதான் அவருக்கு வேண்டியது. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு பட்டைக்குச் செய்வதை எல்லாப் பட்டைக்கும் அன்றைக்கே செய்ய வேண்டும். மழை பெய்த மறுநாள் பாதி காட்டுக்கு யூரியா போட்டு, மீதிக்கு மூன்று நாள் கழித்துப் போட்டால் திடல் கெட்டது.

நோட்டு

அதிகம் எழுத வேண்டாம். மழை பெய்தால் எத்தனை மில்லிமீட்டர், கலைத்த பிறகு 10 மீட்டருக்கு எத்தனை செடி, புழு கடித்த குருத்து நூற்றுக்கு எத்தனை, சாய்ந்த செடி எத்தனை. இவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் தினம் போய்ப் பாருங்கள்: பூ எடுக்கும் நாள். உச்சியில் ஆண்பூ விரிந்து மகரந்தம் கொட்டுகிற நாள், கருதிலிருந்து நூல் வெளியே வருகிற நாள், இரண்டையும் பாதிச் செடிகளில் வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் இரண்டு மூன்று நாள் இடைவெளிதான் இருக்கும். காய்ந்தால் ஆண்பூ நேரத்துக்கு வந்துவிடும், நூல் தாமதமாகும். தாமதமான நூலுக்கு மகரந்தம் கிடைக்காது. கருது பொக்கைப் பல் மாதிரி ஆகிவிடும். ஐப்பசியில் மழை இடைவெளி விட்ட ஒரு வருடம், என் பழைய ரகத்தில் நூல் வர ஏழு நாள் ஆனது, பி-யில் மூன்று நாள். நல்ல மழை பெய்கிற வருடத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. மானாவாரிக்காரன் ஒரு வருடத் திடலை நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

பக்கத்துப் பட்டை மகரந்தம் கலந்துவிடாதா என்று கேட்பார்கள். கலக்கும். நாம் விதைக்கு எடுக்கவில்லை, நாமக்கல் கோழித் தீவனத்துக்கு விற்கப்போகிறோம். எடை பார்க்க அது தடையில்லை.

அறுப்புக்கு ஒரு வாரம் முன் எல்லாரையும் வரச் சொல்லுங்கள். பிரியாணி வேண்டாம், டீ போதும். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, பட்டை முன்னால் வைத்த தட்டில் பிடித்த அளவுக்குப் போடச் சொல்லுங்கள். ஆண்கள் ஒரு சுற்று, பெண்கள் ஒரு சுற்று. எடை தெரிவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். ஆண்கள் கொட்டையெல்லாம் ஏ-க்குத்தான் விழுந்தது. கருது முழங்கை நீளம். பெண்கள் ஏ-யைத் தொடவில்லை. "மட்ட இறுக்கிக் கிடக்கு, உரிச்சா நகம் போயிடும்" என்றார் ஒரு சித்தி. இன்னொருவர் சி-யின் கருது நுனியைக் காட்டினார்: மட்டை மூடாமல் மணி வெளியே தெரிந்தது. மழை பெய்தால் பூசணம், இல்லாவிட்டால் கிளி. ஒன்பது வருடக் கம்பெனி வேலையில் இதை ஒரு நாளும் யாரிடமும் கேட்டதில்லை நான்.

அறுப்பும் கணக்கும்

எட்டு வரிசையில் ஓரத்து இரண்டிரண்டை விட்டுவிடுங்கள். நடு நாலு வரிசையில், நடுவில் 10 மீட்டர் மட்டும் அளந்து கயிறு கட்டி அறுக்க வேண்டும். 4 வரிசை, 0.6 மீட்டர், 10 மீட்டர். 24 சதுர மீட்டர். ஏக்கர் 4047 சதுர மீட்டர். ஆக, 168.6ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு வரும். மணியின் அடியில் கீறிப் பார்த்தால் கருப்புப் புள்ளி விழுந்திருக்க வேண்டும். அதற்கு முன் அறுக்காதீர்கள். தொங்குதராசை நம்புமுன் 5 லிட்டர் தண்ணீரைத் தொங்கவிட்டுப் பாருங்கள். கேன் எடை போக 5 கிலோ காட்டாவிட்டால் தராசை மாற்றுங்கள்.

மட்டை உரித்த கருதை எடை போட்டால் வேலை முடியவில்லை. குவியலில் பத்துக்கு ஒன்றாக எண்ணி எடுத்து, மொத்தம் பத்துக் கருதை எடை போட்டு, உதிர்த்து, மணியை மட்டும் எடை போடுங்கள். உதிர்த்த மணியில் ஒரு கைப்பிடியைக் காற்றுப் புகாத கவரில் கட்டி அன்றைக்கே ஈரப்பதம் பார்க்க வேண்டும். வியாபாரியிடமோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ மெஷின் இருக்கும்.

என் காட்டில் வந்ததையே சொல்கிறேன். ஏ: கருது 22 கிலோ, அந்த எடையில் நூற்றுக்கு 80 பங்கு மணி, மணியில் ஈரம் 24 சதம். பி: கருது 20.8 கிலோ, நூற்றுக்கு 82 மணி, ஈரம் 17. தராசில் ஏ ஜெயித்துவிட்டது. பந்தல் போட்டிருந்தால் அங்கேயே கைதட்டியிருப்பார்கள். இப்போது இரண்டையும் 14 சத ஈரத்துக்குக் கொண்டுவாருங்கள். நூறிலிருந்து ஈரத்தைக் கழித்து, 86ஆல் வகுத்து, மணி எடையோடு பெருக்க வேண்டும். ஏ: 17.6 கிலோ மணி, 76ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 15.55 கிலோ, ஏக்கருக்கு 2622. பி: 17.06 கிலோ மணி, 83ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 16.46 கிலோ, ஏக்கருக்கு 2775. பி 153 கிலோ அதிகம். ஏ-யில் நாம் தூக்கிப் பார்த்த கனத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீரும் மணி உதிர்த்த நெட்டியும்தான்.

153 கிலோ. 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2400 ரூபாய். அந்தக் கணக்கில் மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். பி-யின் பை விலை கூடுதல்தான், ஆனாலும் மிச்சம். உடனே கடைக்கு ஓடலாமா?

அந்த இரட்டைப் பட்டை நினைவிருக்கிறதா? ஒரே பழைய ரகம், இரண்டு இடம். இரண்டுக்கும் ஏக்கருக்கு 190 கிலோ வித்தியாசம் வந்தது. மாமா நம்பவில்லை, திரும்ப எடை போடச் சொன்னார், அதே எடைதான். ஒரே விதையே 190 ஆடுகிற காட்டில் 153 கிலோவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு காட்டை வைத்து ரகம் முடிவு செய்யக் கூடாது என்று மாமாவுக்கு வாயால் சொன்னால் ஏறாது. இந்த 190 ஏறிவிட்டது.

அதனால்தான் எட்டுப் பேர். ஒவ்வொரு காட்டிலும் ஏ-யா பி-யா, எது கூடுதல் என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சமம் என்றால் காசு சுண்டுவது மாதிரி, தலையும் பூவும் கலந்து வரும். எட்டுக்கு எட்டும் பி என்றால், அது தற்செயலாக வர 256ல் ஒரு வாய்ப்புதான். எட்டுக்கு ஏழோ அதற்கு மேலோ தற்செயலாக வர ஏறக்குறைய 28ல் ஒன்று; நம்பலாம். எட்டுக்கு ஐந்து என்றால் அது வெறும் காசு சுண்டின கதைதான், விலை குறைந்த விதையை வாங்குங்கள்.

எங்களுக்கு எட்டு ஏழானது. பால் பிடிக்கிற நேரத்தில் ஓடையோரக் காட்டுக்குக் காட்டுப்பன்றி வந்து பி பட்டையை உருட்டிவிட்டது. காட்டுக்காரர் பெரியப்பா முறை. "மிச்சம் நிக்கிறத பாரு, நல்லாத்தான் வந்திருக்கும். கணக்குல கொஞ்சம் சேத்துக்கயேன்" என்றார். முடியாது என்றேன். பன்றி தின்ற பட்டைக்கு நோட்டில் கோடு மட்டும்தான். நல்லாத்தான் வந்திருக்கும் என்று எழுதித்தான் ஒன்பது வருடம் சம்பளம் வாங்கினேன்.

மீதி ஏழில் ஆறு காட்டில் பி கூடுதல். தற்செயலாக இப்படியோ இதைவிட நன்றாகவோ வர 16ல் ஒரு வாய்ப்பு. எனக்கு அரை மனசு. தோற்ற ஒரு காடு எது என்று போய்ப் பார்த்தேன்: தண்ணீர் நிற்கிற களிமண். அங்கே ஏ-தான் நிமிர்ந்து நின்றது, பி வேர் அழுகிச் சாய்ந்திருந்தது. அந்தக் காட்டுக்காரருக்கு மற்ற ஆறு பேர் கணக்கு எதற்கு? அவர் ஏ வாங்குகிறார்.

சி-யைக் கைவிட்டோம். அந்த இடத்தில் புதிதாக ஒன்று வருகிறது. இந்தப் புரட்டாசிக்கு மாமா இரண்டு பை பி வாங்கியிருக்கிறார், ஒரு ஏக்கருக்கு. மீதிக் காட்டுக்குப் பழைய ரகம்தான். அதில் ஒரு பட்டையை மட்டும் தனியாகக் கயிறு கட்டி, வேறு பெயரில் போடப்போகிறாராம்.